ஆளில்லாத வீட்டில் ஒரு குறட்டை

அப்பா: ஒரே ஒரு குறட்டைதான் விட்டேன். அந்தப் பத்திரிகையே குப்புற விழுந்துடுச்சு. எழுதி வெச்சுக்கோ!

மகள்: அப்பா... காபி ஆறுது. குடிச்சிட்டு அளங்க.

அப்பா: அளக்கறேனா? போன வாரம் நீ அலங்காரம் பண்ணின வீட்டைப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தாங்களே, அன்னிக்கு உன்கூட வந்தது யாரு?

மகள்: நீங்கதான். குஷன் தூக்க ஆள் வேணும்னு கூட்டிட்டுப் போனேன்.

அப்பா: அங்க தூங்கினேன் பாரு... தூங்கியே உன்னை அச்சுல ஏத்திட்டேன்!

மகள்: முப்பது வருஷம் ஆபீஸ்ல தூங்கினீங்களே, ஒரு ப்ரமோஷனாவது வந்துச்சா?

அப்பா: அது ஒத்திகைம்மா. அன்னிக்குத்தான் நாடகம்.

மகள்: விளையாடாதீங்கப்பா. ரெண்டு வீட்டுப் படம் அனுப்பி, ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. அச்சுல வந்தாத்தான் நாலு பேர் நம்பி வீட்டைக் குடுப்பாங்க. இதுவும் திரும்பிச்சுன்னா, கடையைச் சாத்திட்டுப் பழைய முதலாளி வாசல்ல போய் நிக்கணும்.

அப்பா: ஏன் திருப்பினாங்களாம்?

மகள்: ‘அழகா இருக்கு, ஆனா ஆள் வாழற வீடு மாதிரி இல்லை’ன்னாங்க.

அப்பா: அதைக் கேட்டுமா நீ செருப்பு, ரிமோட், சார்ஜர் எல்லாத்தையும் பொறுக்கிப் பூட்டி வெச்சே? வீட்டுக்காரங்களையே சினிமாவுக்குத் துரத்திட்டியே! அங்க கொசுகூட காலைக் கழுவிட்டுத்தான் உள்ள வந்துச்சு.

மகள்: படத்துல கசகசன்னு தெரியக் கூடாதுல்ல...

அப்பா: நீ கீழ வாட்ச்மேனோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தே. மேல போட்டோக்காரர் கேமராவைப் பையில வைக்கறார். “கடை மாதிரி இருக்கு சார்”ங்கறார்.

மகள்: அதனால தூங்கிட்டீங்களாக்கும்.

அப்பா: செருப்பை நடு ரூம்ல கழட்டி விட்டேன். ஜன்னலோர நாற்காலியில சாஞ்சேன். வாயைப் பொளந்து விட்டேன் பாரு ஒண்ணு... திரைச்சீலை கூரையைத் தொட்டுட்டு வந்துச்சு! தெருமுனை நாய் ஊரையே காலி பண்ணிடுச்சு!

மகள்: அப்பா!

அப்பா: ஒரு கண்ணை லேசா தொறந்து பாக்கறேன்... மனுஷன் தரையில படுத்து டப்பு டப்புன்னு படம் எடுக்கறார்!

மகள்: ஒரு கண்ணையா? அப்ப... நீங்க தூங்கவே இல்லையா?

அப்பா: காபி ஆறிடுச்சு பாரு. சூடு பண்ணித் தாயேன்.

மகள்: அப்பா?

அப்பா: உன் பொழப்பு ஒரு பைக்குள்ள போயிட்டிருந்துச்சு. எனக்கெங்கம்மா தூக்கம் வரும்? சரி விடு, நீ எதைத்தான் நம்பியிருக்கே.

மகள்: நடந்துச்சுப்பா. நம்பறேன். நேத்தே பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டுட்டாங்க. அட்டையிலயே அந்தப் படம்தான்... உங்க திறந்த வாய், அதுக்குக் கீழ என் பேரு. நீங்க எவ்வளவு தூரம் போவீங்கன்னு பாக்கத்தான் சொல்லாம உக்காந்திருந்தேன்.