ஒன்றரை நிமிட இடைவெளி

செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்தால் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள் மேடம். அது சும்மா. விலை எப்போது வேண்டுமானாலும் இறங்கும். பார்த்துக்கொண்டே இருப்பவன் கண்ணில்தான் அது படும். இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும். சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டால் சரியாக நிற்கும். கதவைத் திறந்த கையோடு, கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றீர்கள். தொடவில்லை. இதோ, என் இரண்டு கையும் மேஜை மேல்தான் இருக்கிறது.

உங்கள் விமானக் கம்பெனியிலிருந்து ஒரு நாள் ஆள் வரும் என்று தெரியும். ஒரே ஒரு மேஜை போட்ட டிராவல்ஸ் ஆபீஸ், ஒரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு டிக்கெட்டை ரத்து செய்திருக்கிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். சீட்டைப் பதுக்கி வைத்து விற்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அந்த வேலை எனக்குத் தெரியாது. நான் செய்தது வேறு.

விடுமுறைக் காலம் நெருங்கினால் ஜனங்களுக்குப் பயம் வந்துவிடும். சொன்ன விலையைக் கொடுத்து மூன்று மாதம் முன்னாலேயே வாங்கிவிடுவார்கள். வாங்கியதும் மறந்துவிடுவார்கள். நான் மறக்கமாட்டேன். அதே நாள், அதே விமானம், விலை இறங்கியிருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். ரத்துக் கட்டணம் போகவும் மிஞ்சும்படி இறங்கியிருந்தால் பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் புதியதை எடுப்பேன். மிச்சத்தை அப்படியே அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பைசா எடுத்ததில்லை. "உங்களுக்குக் கொறைஞ்சிருக்குங்க" என்று போனில் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு விநாடி பேச்சு நின்றுபோகும் பாருங்கள், அதுதான் என் கூலி. அந்த ஒரு விநாடிக்காக நான் சாப்பாட்டை விட்டிருக்கிறேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். ஒரே பெயரில் ஒரே விமானத்தில் இரண்டு டிக்கெட் இருந்தால் உங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் இரண்டையும் தூக்கிவிடும். ஆகவே முதலில் பழையதை விட வேண்டும். பிறகுதான் புதியதைப் பிடிக்க முடியும். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் அடித்து முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடம் அந்தப் பயணியின் கையில் எதுவும் இல்லை. அது அவருக்குத் தெரியவும் தெரியாது. கேட்டால் வேண்டாம் என்பார்கள். அதனால் கேட்பதில்லை.

நானூற்றுப் பன்னிரண்டையும் நீங்கள் கேட்க வேண்டாம். ஒன்றை மட்டும் கேளுங்கள். உங்கள் பட்டியலில் முப்பத்தெட்டாவது வரி. அந்தப் பயணி என் மனைவியின் தம்பி.

என் மனைவிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தம்பி வெளிநாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். நான் பெண் கேட்டுப் போன அன்று வாத்தியார் என் காதுபடவே கேட்டார். "டிக்கெட் கிழிக்கிறவனுக்கா தங்கச்சியக் குடுக்கறது?"

"கிழிக்கிறவன் பஸ்ல இருப்பான்டா. இவரு விக்கிறவரு" என்று மாமியார்தான் பேச்சை முடித்து வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு வாத்தியார் எனக்கு ஒரு பெயர் வைத்தார். சல்லிசு மாப்பிள்ளை. அது ஒட்டிக்கொண்டது. சின்னவனுக்கு நான் சல்லிசு மாமா. மூன்றாவது வீட்டுப் பல் டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் கூடச் சிரிப்பேன். பதினெட்டு வருடம் சிரித்தேன். ஆனால் அந்த வாத்தியார் வாயால் ஒரே ஒரு தடவை "பரவால்லியே மாப்பிள்ளை" என்று கேட்டுவிட வேண்டும் என்று ஒரு ஆசை உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் சொல்லும்படியான ஆசையா இது.

போன வருடம் வாத்தியாருக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். எலும்பு மஜ்ஜையை மாற்றினால் பிழைப்பார். வீட்டில் எல்லாரையும் சோதித்ததில் சின்னவனுடையதுதான் பொருந்தியது. அவன் ஒரு முறை வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். ஆறடி ஆள், ஊசியைப் பார்த்ததும் நர்ஸ் மேலேயே சாய்ந்துவிட்டான். வாத்தியார் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டினார். "டேய், இரும்பையே உருக்குறவன், இத்தனூண்டு ஊசிக்கா உருகிட்ட?"

டாக்டரம்மா தேதி குறித்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். "திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கிறோம். அது இவரோட பழைய மஜ்ஜைய மொத்தமா அழிச்சிடும். ஆரம்பிச்சா திரும்ப வழி இல்ல. ஞாயித்துக்கிழமை தம்பியோடது உள்ள போயே ஆகணும். தம்பி வெள்ளிக்கிழமை இங்க இருக்கணும். புரியுதா எல்லாருக்கும்?"

எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல விடுமுறை நெரிசல். எந்த விமானத்திலும் இடம் இல்லை. தேடித் தேடி வியாழன் மதியம் கிளம்பும் உங்கள் விமானத்தில் ஒரு சீட் பிடித்தேன். தேதி தள்ளிப்போனாலும் பணம் போகக் கூடாது என்று, ரத்து செய்தால் முழுசாகத் திரும்பக் கிடைக்கும் வகையில் எடுத்தேன். அதனால் விலை அதிகம். வாத்தியாரின் மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய டிக்கெட் அது.

திங்கட்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். செவ்வாயன்று பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு இன்டர்காம். தலையில் ஒரு தொப்பி போட்டிருந்தார். ரிசீவரை எடுத்து, "என்ன மாப்பிள்ளை, என் உசுரு ரொம்ப வெலையாமே. சல்லிசா ஏதும் பேசி முடிக்கலையா?" என்றார்.

"பாத்துட்டேதான் இருக்கேன்" என்றேன்.

அவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்தேன்.

புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு விலை இறங்கியது. அதே விமானம், ஏறக்குறைய பாதி விலை. திரையில் நான்கு சீட் காட்டியது. நான்கு என்பது நிறைய. ஒரு சீட் காட்டியபோதே நான் மாற்றியிருக்கிறேன். பழையதை ரத்து செய்தேன். ரத்துக்குக் காரணம் என்ன என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்கும். "பயணி கேட்டுக்கொண்டதால்" என்று போட்டால்தான் மறுகேள்வி இல்லாமல் பணம் திரும்பும். எல்லாருக்கும் அதைத்தான் போடுவேன். அதையே போட்டேன். பெயரை அடித்தேன். பாஸ்போர்ட் எண் அடித்தேன். உறுதி செய்யும் பொத்தானைத் தட்டினேன்.

இடம் இல்லை என்று வந்தது.

நான்கும் போயிருந்தது. ஏதோ ஒரு குடும்பம் எடுத்திருக்க வேண்டும். நான் விட்ட பழைய சீட்டும் காத்திருந்த யாருக்கோ போய்விட்டது. சின்னவன் பெயரைக் காத்திருப்போர் வரிசையில் போட்டேன். பத்தொன்பதாவது இடம்.

ஒன்றரை நிமிடத்தில் நடந்தது அவ்வளவுதான். அதுவரைக்கும் நடந்ததைத் தவறு என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் பெயர் வைக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வேறொரு வழி இருந்தது மேடம். இரண்டு ஊர் மாறி, ஆறு மடங்கு விலையில். ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வந்திருப்பான். எடுக்க வேண்டும் என்றால் வீட்டில் சொல்ல வேண்டும். ஏன் மாற்றுகிறாய், பழைய டிக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். சல்லிசுக்கு ஆசைப்பட்டேன் என்று வாத்தியாரின் மனைவி முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வழி திரையில் மாலை ஐந்தே கால் வரை இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதுவும் போய்விட்டது. வரிசையில் பத்தொன்பது, பதினாறு ஆனது. ஆக, நகர்கிறது, கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு சின்னவன் போன் செய்தான். "சல்லிசு மாமா, நாளைக்கு டிக்கெட்லாம் பக்காவா இருக்குல்ல? ஊசிய நெனச்சாலே ஒரு மாதிரி ஆகுது. ஆனா வந்துருவேன்."

"எல்லாம் சரியா இருக்குடா" என்றேன்.

வியாழன் மதியம் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். பின்னால் ஒரே இரைச்சல். "மாமா, கவுன்டர்ல டிக்கெட்டே இல்லங்கறாங்க. நேத்தே நான் கேன்சல் பண்ணிட்டேன்னு காட்டுதாம். நான் எதுவும் பண்ணலயே மாமா."

வரிசையில் அவன் பெயர் அப்போது ஏழாவதாக இருந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே சொல்கிறேன். "மொபைல்ல அந்தக் கம்பெனி ஆப் வச்சிருக்கியா? ஏதாவது தட்டினியா பாரு."

"நேத்து டிக்கெட்டத் தொறந்து தொறந்து பாத்துட்டே இருந்தேன் மாமா. நான்தான் எதையாவது அமுக்கிட்டேனா?" என்றான்.

"இருக்கும்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கும் இடம் கிடைக்காமல் ஊர் ஊராகக் காத்துக் கிடந்து, மூன்று விமானம் மாறி, நடுவில் பத்தொன்பது மணி நேரம் பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும், அடுத்த வியாழன் மதியம் வந்து சேர்ந்தான். டாக்டரம்மா அதுவரை என்னென்னவோ மருந்து கொடுத்துத் தாங்கிப் பிடித்துப் பார்த்தார். காய்ச்சல் கண்டு, வாத்தியார் அன்று காலையிலேயே போய்விட்டார்.

யாரும் அழுது முடிக்கவில்லை, அதற்குள் பேச்சு வந்துவிட்டது. ஊசிக்குப் பயந்தவன்தானே, அவனே கேன்சல் பண்ணிட்டு நாடகம் ஆடறான் என்று யாரோ சொன்னார்கள். வாத்தியாரின் மனைவி நம்பவில்லை. "தம்பி அப்படிப் பண்ண மாட்டான். எங்கயோ தப்பு நடந்திருக்கு. நீங்க இந்தத் தொழில்ல இருக்கீங்க, விசாரிச்சுச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் கேட்டார். நான் விசாரித்தேன். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பயணி கேட்டுக்கொண்டதால் ரத்து. அவர் அதை இரண்டு முறை படித்தார். மடித்து மாமியாரிடம் கொடுத்தார்.

மாமியார் வாசலுக்குப் போனார். சின்னவன் பையைக்கூட இறக்கி வைக்காமல் அங்கே நின்றிருந்தான். "அண்ணன் மூஞ்சியப் பாக்கணும்னா பாத்துட்டுப் போ. இனிமே இந்த வீட்டுக்கு வராத" என்றார். தான்தான் செய்தோம் என்று அவனே நம்பிவிட்டான். இப்போது பட்டன் போன்தான் வைத்திருக்கிறானாம். திரை இருக்கும் எதையும் தொடுவதில்லையாம்.

பதினோரு மாதம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து, "ஒரே வயித்துல பொறந்தவன் இப்படியா செய்வான்" என்று கேட்பாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

போன மாதம் மாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "மாப்பிள்ளை, அவன ஒரு தடவ வரச் சொல்லுங்க. ஏன்டா செஞ்சேன்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடறேன்" என்றார். சின்னவனும் வருகிறேன் என்றான். நாளை மறுநாள் கிளம்பினால் ஐந்து நாள் இருக்கலாம். அதற்குமேல் அவனுக்கு லீவு கிடையாது. அடுத்த வாரம் அவனை ஒரு எண்ணெய்க் கப்பலில் ஏற்றுகிறார்கள், மூன்று வருட ஒப்பந்தம். மாமியாருக்கு எழுபத்தாறு வயது, இருதயத்தில் கோளாறு. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்று இருவருக்கும் தெரியும்.

நானும் முடிவு செய்துவிட்டேன். அவனை அவன் அம்மா எதிரில் உட்காரவைத்து, அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உங்களிடம் இவ்வளவு சுலபமாகச் சொல்ல வந்தது, அங்கே வராதா என்ன. டிக்கெட்டை என் கைப்பணத்தில்தான் எடுத்தேன். மறுபடியும் விடுமுறை நெரிசல், கிடைக்கவே இல்லை. கிடைத்ததே பெரிது என்ற விலைக்கு எடுத்தேன்.

உங்கள் பட்டியல் நேற்றோடு முடிகிறது, அப்படித்தானே? அப்படியானால் அதில் ஒன்று குறைகிறது. நானூற்றுப் பதிமூன்று. இன்று காலையில் அவன் விமானத்தில் விலை இறங்கியது. நல்ல இறக்கம். சின்னவன் வந்ததும், உனக்குக் கொறைச்சு எடுத்திருக்கேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு மற்றதைச் சொன்னால் அவன் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வான் என்று தோன்றியது. பழையதை விட்டுவிட்டேன். பெயரை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் கதவைத் திறந்தீர்கள். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றீர்கள்.

நாற்பது நிமிடம் ஆகிவிட்டதா? பேச்சில் தெரியவில்லை. ஒன்றும் அவசரம் இல்லை, நீங்கள் எழுதி முடியுங்கள். பார்க்காமல் நான் எதுவும் செய்வதில்லை மேடம். திரையில் நான்கு சீட் காட்டியது.