மாடிக்குப் போகும் வேகம்

ரவுட்டர் வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வேகத்தை நம்பக் கூடாது, மேடம். அது அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது. வீட்டில் எத்தனை சுவர், எத்தனை பேர், ஒரே நேரத்தில் எத்தனை போன் என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன்.

எங்கள் வீடு பழைய கட்டடம். கனத்த சுவர், உள்ளே டவர் எடுக்காது. யாரிடம் பேசுவதானாலும் வைஃபை வழியாகத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் தெருவுக்கு இறங்கி வர வேண்டும். கீழே நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். கொழுந்தன் இருக்கிறான் என்று பேர்தான், அவனுக்குக் கப்பலில் வேலை. பழைய ரவுட்டர் இரண்டு குடும்பத்துக்கும் தாங்கவில்லை. "அண்ணி, நீங்களே நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிடுங்க. அண்ணன அனுப்பினா கடைக்காரர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துருவாரு" என்று அவன்தான் சொன்னான்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. தாயில்லாப் பிள்ளை. காய்ச்சல் என்றால் ராவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள் நான். கப்பலில் சேர்ந்த பிறகும் எந்தக் கரையில் இறங்கினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். என் ஓரகத்தி வந்து சேர்ந்தாள், முதல் போன் மாடிக்குப் போயிற்று. அவளோடு பேசி ஓய்ந்த பிறகு, "அண்ணி, சாப்பிட்டீங்களா? சரி, டைம் ஆச்சு, வச்சிடறேன்" என்று எனக்கு மிச்சம் மீதி வரும். வயிறு எரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

கடைக்காரர் பொறுமையான மனுஷர். நான் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டேன். "அக்கா, இதுல யாரு எவ்வளவு இழுக்கறாங்கன்னு உங்க போன்லயே பாக்கலாம். வேணும்னா ஒருத்தருக்கு மட்டும் வேகத்தக் குறைச்சும் வைக்கலாம். பசங்க கேமே கதின்னு கிடந்தா அம்மாங்க இப்படித்தான் வழிக்குக் கொண்டு வர்றாங்க" என்றார். பக்கத்தில் அதைவிட மலிவாக, அதே வேகத்தில் வேறொன்று இருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேகத்தைக் குறை சொல்ல முடியாது. மாட்டிய அன்றைக்கே ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவர் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்குக்கா" என்றாள். கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சிரித்தேன்.

கப்பல் கரை சேரும் நாட்களில் மட்டும் அவள் போனுக்குக் குறைத்துவிடுவேன். அடியோடு நிறுத்தினால் என்ன ஏது என்று ஆள் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். குறைத்தால் போனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் முகம் அவனுக்கு அப்படியே உறைந்து நிற்கும், பேச்சு பாதியில் அறும். அலுத்துப்போய் எனக்குப் போடுவான். என் போனில் தெளிவாக வருவான்.

"என்ன அண்ணி, நெட்டே இல்லங்கறா. உங்களுக்கு நல்லாத்தானே வருது?"

"இங்க நல்லாத்தான் இருக்குப்பா. அவளுக்கு என்ன தொந்தரவோ. புள்ளத்தாச்சி, எதுவும் கேட்டு வைக்காத."

அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னேனா? மீதியை அவனே நினைத்துக்கொண்டான். யாரோடு பேசிவிட்டு என்னிடம் நெட் இல்லை என்கிறாய் என்று ஒருநாள் கேட்டிருக்கிறான். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். போனை மாற்றிப் பாரேன் என்று நான்தான் யோசனை சொன்னேன். புதுப் போன் வாங்கினாள். அதையும் வேகம் குறைக்கும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த மத்தியானம் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் கப்பல் கரைக்கு வருகிறது என்பதால் முன்கூட்டியே குறைத்து வைத்திருந்தேன். நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான். "அக்கா" என்றது மட்டும் முழுதாக வந்தது. மற்றதெல்லாம் துண்டு துண்டாக வந்தது.

"கேக்கலம்மா. மேல நெட் சரியில்ல போல. வச்சிட்டு மறுபடி போடு" என்றேன்.

மறுபடி போட்டாள். குளியலறை என்று கேட்டது. அப்புறம் வழுக்கி என்பது போல ஏதோ வந்தது. நான் அதையே திரும்பச் சொன்னேன், "வச்சிட்டுப் போடும்மா." அதன் பிறகும் போட்டாள். இந்தத் தடவை ரத்தம் என்ற சொல் நன்றாகவே கேட்டது. உங்கள் அறிக்கையில் நான் எதுவும் புரியவில்லை என்று சொன்னதாக இருக்கிறது. அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். புரிந்தது. மாடிப்படி என் சமையலறையை ஒட்டித்தான் ஏறுகிறது. ஏறவில்லை. வேகத்தைக் கூட்டிவிட ஒரு விரல் போதும், அந்தப் போன் என் கையிலேயே இருந்தது. கூட்டவில்லை. மீதித் துணியை மடித்தேன். நெட் கம்பெனி ஆள் வந்து உங்களிடம் காட்டினாரே, அவள் போன் வேகத்தை அடிமட்டத்தில் வைத்திருப்பதாக, அது சரிதான். எடுத்துவிட மறந்துபோயிற்று, சாவு வீட்டு வேலை அப்படி.

தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. கொழுந்தன் வந்து என் மடியில் விழுந்துதான் அழுதான். வேறு எங்கே போவான்.

அவள்மேல் எனக்கு விரோதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்கு வருத்தம். அவள் போனில் டாக்டர் நம்பர் இருந்தது, புருஷன் நம்பர் இருந்தது, பெற்றவள் நம்பர் இருந்தது. உயிர் போகிற நேரத்தில் அத்தனை தடவையும் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் அவளுக்கு நல்லவளாக இல்லாமலா கூப்பிட்டிருப்பாள்? நீங்களே சொல்லுங்கள், மேடம்.