சைனுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு

பின்னம் ஒன்றைப் போன் திரையில் ஒழுங்காகக் காட்டுவது நினைக்கிற அளவுக்கு லேசான வேலை இல்லை. மேலே ஒரு எண், நடுவில் கோடு, கீழே ஒரு எண். கொப்பியில் சின்னப் பிள்ளைகூட எழுதிவிடும். வலைப்பக்கத்தில் அதே பின்னம் ஒரே வரியில் படுத்துக்கொள்ளும். வர்க்கமூலத்தின் கூரை காணாமல் போகும். நான் பலாங்கொடை டவுனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். வெப்சைட் செய்யவும் படித்தவன். அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

என் மனைவி ஸ்டெபானி இணைந்த கணிதம் படித்தவள். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உயர்தரப் பரீட்சைக்கு அதைத் தமிழில் படிப்பிக்க ஆள் கிடைப்பது அரிது. நிவித்திகல, எஹலியகொட என்று எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் அவளுக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அவள் களைத்துப் போனாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பக்கம் செய்து தருகிறேன் என்று நான்தான் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் வெள்ளைப் பலகையில் பாடத்தை எழுதிச் சொல்லிக்கொண்டே போவாள். நான் அருகில் இருந்து கம்ப்யூட்டரில் அடிப்பேன். பலகை நிறைந்ததும் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதுவாள். படமாகப் போட்டால் மலைப் பக்கத்துச் சிக்னலில் திறக்காது. ஆகவே சமன்பாடுகளை எழுத்துக் குறிப்பாக அடிப்பேன்; பக்கம் திறக்கும்போது ஒரு சின்ன புரோகிராம் அதைப் பின்னமாகவும் மூலமாகவும் வரைந்து காட்டும்.

முதல் பிழை தானாக வந்தது. பழைய போன்களில் அந்தப் புரோகிராம் ஓடவில்லை. எக்ஸின் தலைக்கு மேலே இருக்கவேண்டிய இரண்டு, இறங்கி வந்து அதன் பக்கத்தில் நின்றது. வர்க்கம் என்று தெரியாமல் பிள்ளைகள் இரண்டால் பெருக்கி வைத்திருந்தார்கள். ஸ்டெபானி அழுதாள்.

"பிள்ளைங்க என்னைய நம்பித்தானேங்க படிக்குதுங்க."

நான் அன்று சாப்பிடக்கூட எழும்பாமல் இருந்து அதைச் சரிசெய்தேன். திருத்திய பக்கத்தைக் காட்டியதும் என் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கல்யாணம் கட்டிய நாளில்கூட அவள் என்னை அப்படி அணைத்ததில்லை.

அடுத்த பிழையை நான் வைத்தேன்.

சின்னதுதான், ஒரேயொரு அடைப்புக்குறி. ஒரு பிள்ளை கேட்டது, இவள் திகைத்தாள், நான் திருத்தினேன். தான்தான் பலகையில் மாற்றி எழுதிவிட்டேனா என்று கேட்டாள். பலகை எப்போதோ துடைத்தாயிற்று. "பரவாயில்ல, ஆருக்கும் தெரியாம திருத்திட்டேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு அவள் பலகையில் எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். திரையில் நான் அடித்ததையும் பார்த்தாள். அவள் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும்; மாற்றுவதை அவள் எழுந்து போன பிறகு செய்வேன். சரியாகத்தானே பார்த்தேன் என்று பின்னர் குழம்புவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பேன். பலகையைத் துடைக்க முன்னர் என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிற பழக்கம் அவளுக்கு வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பில் இணையவழி வகுப்பு நடத்தும் பாஹிமா மேடம் அழைத்தார். பக்கத்தில் சில்லறைப் பிழைகள் இருந்தாலும் விளக்கம் மிகத் தெளிவு என்றும், ஸ்டெபானி அங்கே வந்து படிப்பிக்கவேண்டும் என்றும் சொன்னார். இவள் முகம் மலர்ந்து போயிற்று.

"நீங்களும் வாங்க. உங்களுக்கும் அங்க ஒரு வேல கேட்டிருக்கேன்" என்றாள்.

எனக்காகக் கேட்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டு, யோசிப்போம் என்றேன்.

அந்த வாரப் பாடம் வகையீடு. கோசைனை வகையிட்டால் சைன் வரும். முன்னால் ஒரு கழித்தல் குறி வேண்டும். அந்தக் கோட்டை எடுத்தேன். வழக்கமாகத் திரும்ப வைத்துவிடுவேன். இந்த முறை வைக்கவில்லை. உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்தது எனக்குத் தெரியும். ஒரு கோட்டினால் ஒரு பிள்ளை பெயிலாகிவிடாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெறுபேறு வந்த பிறகு நிவித்திகலவில் இருந்து கலைச்செல்வி என்ற பிள்ளை வீட்டுக்கு வந்தாள். வகுப்பு எதற்கும் போக வழியில்லாமல் ஸ்டெபானியின் பக்கத்தை மட்டும் வைத்துப் படித்தவள். சண்டை பிடிக்க வரவில்லை. கழித்தல் குறி வரவேண்டிய கணக்குகளில் எல்லாம் அது இல்லாமல் எழுதிப் பெயிலாகியிருந்தாள். ஏன் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

"புத்தகத்துல மைனஸ் இருக்கேன்னு நான் கேட்டேன் மிஸ். பேஜ்ல இருக்கிறதுதான் சரின்னு நீங்க பதில் போட்டீங்களே."

போனை நீட்டினாள். பக்கத்தில் பாடத்தின் அடியில் அந்தக் கேள்வி இருந்தது. கீழே ஸ்டெபானியின் பெயரில் பதிலும் இருந்தது. ஸ்டெபானி அதை வாசித்தாள். தான் எழுதியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் பெயர் அவளுடையது. அவள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அனே, மன்னிச்சிரும்மா, எனக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கலைச்செல்வி இப்போது தன் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போகிறாள் என்று கேள்வி.

கொழும்பு வேலை வேண்டாம் என்று ஸ்டெபானியே அழைத்துச் சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தடுக்கவில்லை. பக்கத்தை மூடச் சொன்னாள், மூடினேன். இரத்தினபுரியில் டொக்டரிடம் கூட்டிப் போனேன். தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்பது அவளை இன்னும் பயமுறுத்திவிட்டது. வாசலில் என் தோளில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். என் நெஞ்சும் வெடித்துத்தான் போயிற்று. அதை யாரும் நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது என்னோடு கடையில்தான் நிற்கிறாள்; மிச்சக் காசு கொடுக்கும்போதுகூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறாள். காலில் விழாத குறையாகப் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பப் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தலையை ஆட்டி மறுத்தாள். போன ஞாயிறு பூசையில், அவளுக்குத் துணையாக என்னைக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். "நீங்க இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பேன்" என்று வழியெல்லாம் கேட்டாள்.

குறிகளை மாற்றியவன் நான். கலைச்செல்வியின் கேள்வியை வாசித்து, ஸ்டெபானியின் பெயரில் அந்தப் பதிலை எழுதியவனும் நான். அன்று பாதையில் வைத்தே அவளிடம் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் இப்போதிருக்கிற நிலையில் அதைத் தாங்கமாட்டாள். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?