மூன்றாவது குழாய் ஏன் நின்றது

டொப்.

குண்டு குழாயை விட்டுக் கிளம்பும் சத்தம் அது. சின்னச் சத்தம்தான். சோடா பாட்டில் திறப்பது மாதிரி. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்காது. குருவிகூடக் கத்தாது. அப்புறம் உய்ய்ய் என்று ஒரு இழுப்பு. அப்புறம் நிலம் அதிரும்.

நான் கரட்டுக்குப் பின்னால், உன்னிப் புதர் மறைவில் குந்தியிருக்கிறேன். எதற்கென்று கேட்காதீர்கள். முந்தின நாள் காதுகுத்து விருந்தில் கறிக்குழம்பு கொஞ்சம் கூடிப்போனது. அந்தக் குழம்பு மட்டும் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. சாமி காப்பாற்றியது என்று ஊரில் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. உண்மை இதுதான்.

முதல் குண்டு சரிவின் மேல்பக்கம் விழுகிறது. ஒரு வெள்ளாடு பறக்கிறது. ஓடவில்லை. பறக்கிறது.

சரிவில் என் மனைவி சாலம்மா இருக்கிறாள். எங்கள் ஆடுகளோடு. பக்கத்தில் முனியம்மா. கொஞ்சம் மேலே பச்சையப்பன் அண்ணன்.

"படு! சாலு, கீழ படு!"

அவள் படுக்கவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பள்ளத்துக்கு எறங்குங்க! எல்லாம் பள்ளத்துக்கு எறங்குங்க!" இது பச்சையப்பன் அண்ணன். அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

டொப். டொப். இந்தத் தடவை இரண்டு.

ஓடுகிறேன். ஒரு கையில் லுங்கி. சாலம்மா இருக்கும் பக்கம் இல்லை. குண்டு கிளம்பும் பக்கம். அவளிடம் போனால் இரண்டு பேராகப் படுத்திருப்போம், குழாய்களிடம் போனால் நிறுத்தச் சொல்லலாம். இது இன்றைக்கு யோசித்துச் சொல்வது. அன்றைக்குக் கால் தானாகப் போனது. அந்தப் பக்கம் இறக்கம் என்பதாலும் இருக்கலாம். என்னையே நான் முழுதாக நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

எந்த நாட்டோடு போர் என்று கேட்பீர்கள். எந்த நாட்டோடும் இல்லை. தர்மபுரி மாவட்டம். பென்னாகரம் தாண்டிக் காட்டோரம் எங்கள் ஊர். செவ்வாய்க்கிழமை. ராகி அறுப்பு முடிந்திருந்தது. சுட்டது நம் ஆட்கள். சுடப்பட்டதும் நம் ஆட்கள்.

அந்தச் சரிவில் வருஷத்துக்கு ஒரு முறை ராணுவம் வந்து சுட்டுப் பழகும். என் சின்ன வயசிலிருந்து நடப்பதுதான். அதற்கு ஒரு முறை உண்டு. முந்தின நாள் சாயந்திரம் ஊரில் தண்டோரா. விடிந்ததும் கரட்டு உச்சியில் சிவப்புக் கொடி. நான்கு ஜவான்கள் சரிவு முழுக்க நடந்து ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வருஷம் தப்பிப்போன எங்கள் கிடாயைத் தோளில் போட்டுத் தூக்கிவந்து கொடுத்தார்கள். கொடி பறந்தால் ஆட்டை ஏரிக்கரைக்கு ஓட்டுவோம். கொடி இல்லையென்றால் சரிவுக்கு ஓட்டுவோம். எங்கள் ஆடுகளே கரட்டு உச்சியைப் பார்த்துத்தான் திரும்பும் என்று பச்சையப்பன் அண்ணன் பெருமை அடிப்பார்.

அன்றைக்குத் தண்டோரா இல்லை. கொடி இல்லை. ஆகவே சுட மாட்டார்கள். எங்கள் கணக்கு அவ்வளவுதான். கொடி ஏற்றினால் சுடலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். கொடி இல்லாமல் சுட முடியாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம். தலைமுறை தலைமுறையாக.

இன்னொன்றும் இருந்தது. சரிவு முழுவதையும் ராணுவம் வேலி போட்டு எடுக்கப் போவதாக அந்த வருஷம் பேச்சு கிளம்பியது. ஊர் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு முடியும்வரை வேலியும் கூடாது, வெடியும் கூடாது என்று தடை வந்தது. ராணுவக் கம்பெனி வந்து கூடாரம் அடித்ததும் ஊர்க்காரர்கள் போய் அதிகாரியைப் பார்த்தோம். மொழிபெயர்க்க என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நான் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவன். உடனே மார்பில் மெடல் எல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். சமையல்காரன். பனிமலை வரைக்கும் போயிருக்கிறேன். அங்கே நான் சுட்டது சப்பாத்தி மட்டும்.

என் இந்தி அடுப்படி இந்தி. கோர்ட் தடைக்கு வார்த்தை தெரியவில்லை. "அடுப்பை அணைக்கச் சொல்லி பெரிய சாப் சொல்லிவிட்டார்" என்று சொன்னேன். அதிகாரி சிரித்தார். தலையை ஆட்டினார். தடை பற்றி அவருக்கு முன்பே தெரியும், தாளே அவரிடம் இருந்தது. என் இந்தி புரியாமல் போய்விட்டது என்று பின்னால் யாரோ கிளப்பிவிட்டார்கள். என் இந்தி மோசம்தான். அந்தளவுக்கு மோசமில்லை.

ஏரிக்கரைக்குக் கீழே வந்துவிட்டேன். மூன்று குழாய்கள். ராணுவத்தில் மோர்ட்டார் என்பார்கள். குழாய் வாயில் குண்டைப் போட்டால் வானத்தில் ஏறிப்போய் விழும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர். புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூச்சு வரவில்லை.

மூன்றாவது குழாயில் நரைத்த மீசை வைத்த ஒரு ஹவில்தார். கையில் குண்டு. போடாமல் நிற்கிறார்.

"சாப், உதர் ஆத்மி ஹைன். ஔரத் பி."

ஐயா, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பெண்களும்.

அதிகாரி பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தார். சரிவைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பார்த்தார். கீழே இறக்கினார்.

"ஹுக்கும் ஹை. ஃபயர்."

உத்தரவு. சுடு.

முதல் குழாய்ப் பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். குண்டைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்த வேண்டும். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டான். டொப். இரண்டாவது குழாய் அவனைப் பார்த்துப் போட்டது. டொப்.

நான் கத்த வேண்டியது இதுதான்: நிறுத்துங்கள், என் பெண்சாதி அங்கே இருக்கிறாள். இந்த இந்தி எனக்குத் தெரியும். தூக்கத்திலும் வரும். வாயைத் திறந்தேன். பதினேழு வருஷம் தினமும் கத்தியதுதான் வந்தது.

"கானா லக் கயா! லைன் தோடோ!"

சாப்பாடு தயார். வரிசை கலையலாம்.

ஒன்பது பேரும் திரும்பினார்கள். அதிகாரியும் திரும்பினார். அவரும் மனிதர்தானே.

ஹவில்தார் என்னைப் பார்த்தார். ஒரு கையில் லுங்கி. இன்னொரு கை புளியமரத்தில். காலில் செருப்பில்லை. முகமெல்லாம் மண். அண்டா இல்லை. புகை இல்லை. கரண்டிகூட இல்லை. சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு குனிந்து, குண்டைத் தரையில் வைத்தார். கொதிக்கிற பாலை அடுப்பிலிருந்து இறக்குவது மாதிரி. அலுங்காமல். நிமிர்ந்தார். தன் இரண்டு பையன்களிடம் திரும்பிச் சொன்னார்.

"கானா லக் கயா."

நடக்க ஆரம்பித்தார். பையன்கள் பின்னால் போனார்கள். மற்ற இரண்டு குழாய்க்காரர்களின் கையும் அப்படியே தொங்கிப்போனது. அதிகாரி கத்தினார். மறுபடி கத்தினார். யாரும் போடவில்லை. அதற்குள் காவல் நின்ற ஒருவன் துப்பாக்கியைத் திருப்பிக் கட்டையால் என் வாயில் ஒன்று வைத்தான். அவனுக்கு மட்டும் பசி இல்லை போல.

சரிவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது புகை அடங்கியிருந்தது. பச்சையப்பன் அண்ணன் பள்ளத்தின் விளிம்பில் கிடந்தார். மற்றவர்களை இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்க நின்றிருக்கிறார். முனியம்மா பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சாய்ந்தாள். சாலம்மா செத்த ஆட்டின் கழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன். என் வாயையே பார்த்தாள். பிறகு சொன்னாள், "ஏன்யா வாய வாய அசைக்கற? சத்தமா பேசு."

சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பேச்சுகள் கிளம்பின. பயமுறுத்தத்தான் சுட்டார்கள் என்றது ஒன்று. சரிவில் ஆளே இல்லை என்றது இன்னொன்று. கோர்ட்டில் அடுத்த வாய்தாவுக்குள் யாரும் அங்கே மேய்ப்பதில்லை என்று காட்டுவதற்குச் செய்தார்கள் என்று ஊர் சொன்னது. நான் மூன்றாவதை நம்புகிறேன். கையில் ஆதாரம் கிடையாது. கொடியை மறந்தார்கள் என்றால் சரி. தண்டோராவையும் மறந்தார்கள். சரிவைச் சுற்றிப் பார்ப்பதையும் மறந்தார்கள். கோர்ட்டையும் மறந்தார்கள். குண்டை மட்டும் மறக்கவில்லை.

பழைய ராணுவக்காரன் என்பதால் ஊருக்கு என்மேலும் சந்தேகம். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். பச்சையப்பன் அண்ணனின் மகன் மாது ஒருநாள் நேராகவே கேட்டான்.

"சித்தப்பா, அவங்க ஒண்ணும் மனசு எறங்கி நிக்கல. நீங்க சோத்துக்குக் கூப்ட்டீங்க, வந்தாங்க. ஆளு இருக்குதுன்னு சொன்னப்ப நிக்காதவங்க, சோறுன்னதும் நின்னாங்க. அவ்ளோதான்."

"அந்த மீசக்காரரு அப்படி இல்லடா."

"உங்க கம்பெனிய விட்டுத் தர மாட்டீங்களே. சரி, அந்தக் கொழாகிட்ட நீங்க நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"குண்டுல உப்புப் பத்தலன்னு சொல்லியிருப்பேன்."

"சிரிக்காதீங்க சித்தப்பா. செத்தது எங்கப்பன்."

சிரிப்பு நின்றது. அவனுக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். தெரியவில்லை. பதினேழு வருஷத்தில் எந்த உத்தரவையும் நான் மீறியதில்லை. நல்ல உத்தரவா, கெட்ட உத்தரவா என்று யோசித்ததுகூடக் கிடையாது. பருப்பில் கல்லைத்தான் பொறுக்கினேன். உத்தரவில் பொறுக்கவில்லை. அந்த முதல் குழாய்ப் பையனாக இருந்திருந்தால் நானும் கண்ணைப் பொத்திக்கொண்டு போட்டிருப்பேனோ என்னவோ. மாது எழுந்து போய்விட்டான்.

விசாரணைக்குப் பென்னாகரம் வரச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. தேன் மாதிரிப் பேச்சு. யார் அனுப்பினார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. என் பெயர் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மாதையன், அதிகாரிதான் சுடறத நிறுத்தச் சொன்னாருன்னு சொல்லிடுங்க. ஹவில்தாருக்கு ஒரு பிரச்சினையும் வராது. அவரு உத்தரவ மீறினாருன்னு நீங்க சொன்னா, அவரு வேல போவும். செயிலுக்கும் போலாம். உங்க பொண்டாட்டிய காப்பாத்துன மனுசன். யோசிச்சுப் பாருங்க."

"அவரு சாப்பாட்டுக்குப் போனாருன்னு சொன்னா என்னங்க?"

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களை நான் எப்போதும் சந்தேகப்படுவேன். நிறையப் பேரைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் கஷ்டம். அந்த மனிதரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் அதிகாரி நிறுத்தச் சொன்னார் என்று நான் சொல்லிவிட்டால், ஆரம்பிக்கச் சொன்னது யார் என்ற கேள்வியும் அதோடு போய்விடும். பச்சையப்பன் அண்ணனும் முனியம்மாவும் விபத்தில் போனவர்கள் ஆகிவிடுவார்கள். சாலம்மாவிடம் கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். காது கேட்காததால் அவள் இப்போது பேசுவதெல்லாம் கத்தல்தான். தெருவுக்கே கேட்டது.

"உள்ளதச் சொல்லுய்யா! எதுக்கு நடுங்கற?"

சொன்னேன். ஹவில்தார் சொன்ன வரி. அதிகாரி பைனாகுலரில் பார்த்தது. அவர் சொன்ன வரி. இந்தியில் அப்படியே சொன்னேன். விசாரிப்பவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்புறம் ஏன் ஹவில்தார் நிறுத்தினார்? நீங்க சாப்பிடக் கூப்பிட்டதாலா?"

அந்த அறையில் மாதுவும் இருந்தான்.

"ஐயா, அங்க சோறு இல்ல. அது அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததுமே தெரியும். இல்லாத சோத்துக்கு எழுந்து போனவரு அவரு. ஏன்னு நீங்கதான் கேக்கணும். அவரத்தான் கேக்கணும்."

அவரை அழைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. பெயரைக் கேட்டேன். தரவில்லை. கம்பெனி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. சரிவில் இன்னும் வேலி வரவில்லை. தடை இருக்கிறது. போன தடவையும் இருந்தது.

சொந்த ஜனத்தைச் சுடச் சொன்னால் சிப்பாய் சுடுவானா என்று என்னைப் பார்க்க வருகிற படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் பார்த்தது மூன்று குழாய்கள். இரண்டு சுட்டன. ஒன்று நின்றது. நின்றதைப் பார்த்து மற்ற இரண்டும் நின்றன. இதில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு. நான் இரண்டையும் பார்த்துத்தான் பயப்படுகிறேன். சுடுவதற்கும் நிற்பதற்கும் முதலில் ஒருவன் வேண்டியிருக்கிறதே.

இழப்பைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத் தாளில் வேறு மாதிரி இருக்கும்.

பச்சையப்பன். ஆடு மேய்ப்பவர். பள்ளத்தில் கடைசியாக இறங்க நின்றவர்.

முனியம்மா. அடுத்த மாசம் பேரனுக்கு மொட்டை போட இருந்தவள்.

ஆடுகள் பதினொன்று. அதில் இரண்டு சினை.

சாலம்மாவின் காது, இரண்டும்.

என் முன்பல் இரண்டு. இதைச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, பேச்சாவது குறையட்டும் என்றாள் சாலம்மா.

ஒரு ஹவில்தார். நரைத்த மீசை. பெயர் தெரியாது. வேலையில் இருக்கிறாரா, சிறையில் இருக்கிறாரா, தெரியாது. அவரை இதில் சேர்க்கக் கூடாது, அவர் அந்தப் பக்கத்து ஆள் என்று மாது சொன்னான். பிறகு தாளை வாங்கி, அப்பன் பெயரிலிருந்து படித்தான். சரி, போட்டுக்கங்க என்றான்.