ஆறு வயசுக்கான டேப்லெட்

— இது விளையாட்டுச் சாமான்னு சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேனுங்க. டேப்லெட்டுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?

— மேடம், முதல்ல உக்காருங்க. ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் வரும். பில் இருக்கா?

— பில்லெல்லாம் பத்திரமா இருக்குதுங்க. பத்து நாளைக்கு முன்னால, இதே உப்பல்ல, இதே கடையில, இதே ஸ்டூல்ல உக்காந்து வாங்கினேன். இர்பான்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே?

— ஹவ், ஆமா, நம்ம கையெழுத்துதான். சுபாஸ்ரீ மேடம். எட்டு இஞ்ச், நீல ரப்பர் கவர். ஞாபகம் இருக்கு. இந்தத் தெலுங்கு ஊர்ல கோயமுத்தூர் தமிழ் காதுல விழுந்தா எனக்கு மறக்காது. அரே, மூலையில கண்ணாடி விரிசல் விட்டிருக்கே. என்ன ஆச்சு?

— விழுந்துதுங்க.

— விழுந்தா அந்த ரப்பர் தாங்கும் மேடம். மாடியிலேருந்து போட்டே காட்டுவேன். இது எறிஞ்சது. பையனா?

— எறிஞ்சா என்னங்க, விழுந்தா என்னங்க? நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. நாப்பது நிமிசம் ஆனா அதுவே மூடிக்குது. அந்தப் பக்கம் டாக்டரம்மா வீடியோவுல பேசிட்டே இருக்கறாங்க, இங்க ஒரு கரடி வந்து நின்னுட்டு, இன்னைக்குப் போதும் கண்ணு, போய்த் தூங்குங்குது. காலையில பத்தரை மணிக்கு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

— அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்? அது பிள்ளைங்களுக்கான பூட்டு. நான்தான் போட்டுக் குடுத்தேன். எடுக்கற நம்பர் பில்லுக்குப் பின்னால எழுதியிருக்கேன், திருப்பிப் பாருங்க.

— பில்லைத் திருப்பிப் பாக்கணும்னு யாருக்குத் தெரியும்? வாயில சொல்ல மாட்டீங்களா?

— ரெண்டு தடவை சொன்னேன். நீங்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்தீங்க, தெரிஞ்சவங்க யாராவது வந்துடுவாங்களோங்கற மாதிரி. இருங்க, ஆன் பண்ணிப் பாக்கறேன்.

— வணக்கம் கண்ணு! ஆறு வயசு சிங்கக்குட்டி வந்தாச்சு! அ, ஆ சொல்லலாமா?

— அணைங்க அதை.

— நல்லாத்தானே பேசுது மேடம்?

— அணைங்கன்னு சொன்னேன். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியுது.

— சரி, அணைச்சாச்சு. இப்ப நான் கொஞ்சம் பேசலாமா? அந்தப் போர்டைப் பாருங்க. தெலுங்கு, இந்தி, தமிழ், மூணுலயும் எழுதி மாட்டியிருக்கேன். யாருக்கு, எதுக்கு, எங்க வெச்சுப் பாக்க. இந்த மூணும் தெரியாம நான் டப்பாவையே வெளியில எடுக்கறதில்ல. விலை நாலாவது கேள்வி. அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க? ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கு, எழுத்து பழக, கட்டில்ல உக்காந்து. பேரு கேட்டேன், கண்ணுன்னீங்க. வயசு கேட்டேன், ஆறுன்னீங்க. அந்தக் கண்ணுவுக்கு நான் குடுத்தது ஏக் நம்பர் டேப்லெட். கீழ விழுந்தா உடையாது, கண்ட வீடியோ வராது, நாப்பது நிமிஷத்துல கண்ணுக்கு ஓய்வு. இதுல எது தப்பு?

— எல்லாமே தப்புங்க.

— பையனுக்கு எந்த டாக்டர் வீடியோவுல வர்றாங்க? பேச்சு வரலியா அவனுக்கு?

— பேச்சு... வந்துட்டுத்தான் இருந்துது.

— புரியலியே மேடம். ஏன் அழறீங்க? சாய் சொல்லட்டுமா?

— சாயெல்லாம் வேண்டாமுங்க. பையன் இல்ல. எங்களுக்குப் பையனே இல்ல. இது என்ற வீட்டுக்காரருக்கு.

— யா அல்லா.

— தார்நாகாவுல ஒரு லேப்ல சயின்டிஸ்ட். கிருஷ்ணகுமார்னு சொன்னா அந்த வீதியே எந்திரிச்சு நிக்கும். ஜனவரியில ஒரு நாள் குளிக்கப் போனவரு கீழ விழுந்துட்டாரு. மூளையில ரத்தக்கட்டு. வலது கையி, வலது காலு, பேச்சு, மூணும் ஒரே நாள்ல போச்சு. காலு கொஞ்சம் தேறியிருக்குது. பேச்சு இன்னும் வரல. எழுத்தும் மறந்து போச்சு. அ, ஆவுலேருந்து பழக்கணுமாம். அ, ஆ பழகறதுன்னா ஒண்ணாங்கிளாஸ்தானே? அப்படித்தான் சொன்னேன்.

— அப்படித்தான் சொன்னீங்களா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, சோறு சரியில்லன்னு என் மேல கோவிச்சுக்கறீங்க. நான் பத்தொம்பது வருஷமா இந்தக் கடை வெச்சிருக்கேன் மேடம். ஒரு சயின்டிஸ்டுக்குக் கரடி போட்டுக் குடுக்க வெச்சுட்டீங்களே என்னை.

— உங்களுக்குக் கோபம் வர்றது இருக்கட்டுமுங்க. என்ற நிலைமையில இருந்து பாருங்க. பேச்சு ஆறு மாசத்துக்குள்ள திரும்பினாத்தான் உண்டுன்னு சொல்லியிருக்கறாங்க. இப்ப அஞ்சாவது மாசம். வாரத்துல மூணு நாள் வீடியோவுல பேச்சுக் கிளாஸ். இவரு அந்தச் சனியனைத் தொடவே மாட்டேங்கறாரு. ஞாயித்துக்கிழமை தூக்கிச் சுவத்துல அடிச்சுட்டாரு. அவருக்கே இஷ்டமில்லன்னா அந்த நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. நாளைக்குக் கடைசி கிளாஸ். எல்லாம் நீங்க போட்ட பூட்டால.

— பூட்டு நாப்பது நிமிஷம் கழிச்சுத்தானே விழும். சார் எப்ப எறிஞ்சார்?

— போட்ட உடனே.

— அப்ப பூட்டு இல்ல மேடம். வேற ஏதோ.

— என்ன வேற? அது பேச ஆரம்பிச்சதும் மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. இடது கையை இப்படி விரிச்சுக் காட்டுவாரு. அப்புறம் கட்டைவிரலை மடக்கிப்போட்டு இன்னொருக்கா காட்டுவாரு. போதும், எடுத்துட்டுப் போங்கறாரு. திரும்பத் திரும்ப அதேதான். நானும், கொஞ்ச நேரம்தான் கண்ணு, நல்ல பிள்ளையில்லன்னு எத்தனை சொல்லிப் பாத்தேன்.

— அவரைப் பாத்தா? கண்ணுன்னா?

— பின்ன எப்படிச் சொல்றதுங்க? சோறு ஊட்டறேன், துணி மாத்தறேன். வாயில தானா வந்துடுது.

— அவருக்கு நாம பேசறது புரியுதா?

— புரியும்னுதான் டாக்டர் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கையில்ல. இவரு லேப்காரங்க நாலு பேரு வந்தாங்க. காது கேக்காதவங்ககிட்டக் கத்தற மாதிரி, சார், நல்லா இருக்கீங்களான்னு கத்தினாங்க. அப்புறம் அவரு முன்னாலயே என்னைப் பாத்து, நம்மள அடையாளம் தெரியுதான்னு கேட்டாங்க. இவருகிட்ட கையைக் கட்டிட்டு நின்னவனுங்க அவனுங்க. அன்னையிலேருந்து கதவையே திறக்கறதில்லீங்க. யாரும் பாக்க வேண்டாம். எங்க வீடு இருக்கற தார்நாகாவுல இல்லாத கடையா? உப்பல் வரைக்கும் கார் ஓட்டிட்டு ஏன் வந்தேன்னு நினைக்கறீங்க?

— சார் இப்ப வீட்ல தனியாவா இருக்கார்?

— கார்ல உக்கார வெச்சிருக்கேன். ஏசி போட்டுட்டுத்தான் வந்தேன்.

— வாசல்லயா? அந்த வெள்ளைக் கார்லயா? டேப்லெட் யாருக்கோ அவரைக் கண்ணாடிக்குப் பின்னால பூட்டி வெச்சுட்டு, நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்து அவருக்கு என்ன வேணும்னு சண்டை போடறோமா?

— பூட்டி வெக்கலீங்க. வார்த்தையைப் பாத்துப் பேசுங்க.

— மன்னிச்சுடுங்க மேடம். நம்ம அத்தா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல பாய்லர் பக்கம் வேலை பாத்தவர். காது போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா டாக்டர் என்னைப் பாத்துத்தான் கேப்பார், இவருக்கு எங்க வலிக்குதாம்னு. அத்தா ஒருநாள் மேஜையில அடிச்சார், வலி என்னோடதுன்னு. அதனாலதான் எனக்குச் சுருக்குன்னு வருது. வாங்க, கார்கிட்ட போவோம். செருப்பு வாங்கக்கூட காலைக் கொண்டு வரணும்.

— அவரு உங்ககூடப் பேச மாட்டாருங்க.

— பேச நக்கோ, பேச வேணாம். பாத்தாப் போதும். ரெண்டு டப்பாவும் கவரும் எடுத்துக்கறேன், நீங்க அந்த ஸ்டாண்டை எடுத்துக்குங்க. எவ்வளவுக்குள்ள பாக்கறீங்க?

— பன்னெண்டாயிரத்துக்கு மேல முடியாதுங்க. பாதிச் சம்பளம்தான் வருது இப்ப.

— போதும். கேமராவுக்கும் சிம்முக்கும் காசைக் கொட்ட வேணாம், வீட்ல வைஃபை இருக்குல்ல. அந்தக் காசை வேற எதுல போடணும்னு நான் சொல்றேன். கார்க் கண்ணாடியை இறக்குங்க மேடம்.

— ஏனுங்க, இவரு கடைக்காரரு. ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா பாக்க வந்திருக்கறாரு.

— சார், வணக்கம். நான் இர்பான். கடை நம்மதுதான். உங்களுக்கு ஒரு தப்பான டேப்லெட் குடுத்துட்டேன். மாத்திக் குடுக்க வந்திருக்கேன்.

— அவருக்குப் பதில் சொல்ல வராதுங்க.

— வந்தாச்சு மேடம். தலையாட்டினார், நீங்க என்னைப் பாத்துட்டு இருந்தீங்க. சார், இது பத்து இஞ்ச், லேசு. இது பதினொண்ணு, கொஞ்சம் கனம். ஆனா டாக்டரம்மா வாய் எப்படி அசையுதுன்னு நல்லாத் தெரியும். ஒரே கையால பிடிச்சு அதே கையால தொட முடியாது, அதனால எதுவானாலும் ஸ்டாண்ட்ல நிக்கட்டும். எது வேணும், கை வைங்க.

— பத்து இஞ்சே போதுமுங்க, அவருக்கு...

— மேடம். சார் பாக்கட்டும்.

— இவ்வளவு நேரமா?

— நேரம் ஆகட்டும். எனக்கு வேற கிராக்கி இல்ல. ஹவ், சார், பதினொண்ணு. ஏக் நம்பர். நானும் அதைத்தான் எடுப்பேன். இதுல மெமரி நாலு ஜிபி. உங்க பழசு ரெண்டு. அதுல வாய் முன்னால போகும், சத்தம் பின்னால வரும், அதைப் பாத்து யாருக்கும் பேச வராது. கவர் எந்தக் கலர்? நீலம், கறுப்பு.

— நீலம் அவருக்குப் புடிக்கும்.

— நீலத்தைத் தள்ளிட்டார் மேடம்.

— கறுப்பைத் தொட்டாரா? என்னங்க, கறுப்பா?

— கறுப்புதான். சார், வலது பக்கம் கண்ணுக்குச் சரியாத் தெரியுதா? இல்லியா? அப்ப எல்லாத்தையும் இடது பக்கம் தள்ளி வெக்கறேன். இங்க பாருங்க, பெரிசு பெரிசா. தெரியுதா?

— வலது பக்கம் தெரியலைங்கறது எனக்கே தெரியாதுங்க.

— டாக்டர்கிட்டச் சொல்லுங்க. பழசை நானே எடுத்துக்கறேன், கண்ணாடிக் காசை மட்டும் கழிச்சுக்கறேன். உங்க பன்னெண்டைத் தாண்டாது. டாக்டரம்மா சொன்ன பேச்சுப் பயிற்சி ஆப் எது மேடம்? இதுவா? பெரியவங்களுக்குன்னு தனியாவே இருக்கே இதுல. முதல்ல பேரு கேக்குது. சார், நீங்களே அடிங்க.

— கே. ஆர். ஐ. அடுத்தது எஸ்ஸுங்க, இதோ இங்க...

— மேடம், விரலை எடுங்க.

— எனக்குப் பாக்க முடியலீங்க. ரெண்டு பக்கத்துக் கட்டுரையை அரை மணி நேரத்துல எழுதற மனுசன்.

— எஸ் வந்தாச்சு பாருங்க. எச்சும் வந்தாச்சு. தப்பா அடிச்சதை அவரே அழிக்கறார். முடிஞ்சுது. கிருஷ்ணகுமார். ஒரு எழுத்துகூட விடல. இவருக்கு எழுத்து மறந்து போச்சுன்னு யார் சொன்னது?

— என்னங்க, என்னைப் பாருங்க. நான் பேசறது உங்களுக்குப் புரியுதுங்களா? அன்னைக்கு அவனுங்க பேசினதும் புரிஞ்சுதா?

— மேடம், அடுத்து வயசு கேக்குது. நீங்க சொல்ல நக்கோ. சார், உங்க வயசு? ... சரி சார், போதும்னா நிறுத்திக்கலாம். கையை விரிச்சுக் காட்டறார் மேடம், நீங்க சொன்ன மாதிரியே. கட்டைவிரலை மடக்கிட்டு இன்னொரு தடவையும் காட்டறார். களைச்சுட்டாரோ? மூடி வெச்சுடட்டுமா?

— மூடாதீங்க. அஞ்சு, அப்புறம் நாலு. அம்பத்திநாலுன்னு போடுங்க பாய். பத்து நாளா அதைத்தான் என்கிட்டச் சொல்லிட்டு இருந்திருக்கறாரு.