மச்சான் கழித்த ஓரங்கள்

கண்ணாடியிலிருந்து படலத்தை உரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். பதினோரு வருடத்தில் நான் கிழித்தது நாலே தடவைதான். எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அவசரக்காரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், ஐயா.

எங்கள் வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கிராஃபீன் என்கிற கரித்தூளைப் பிளாஸ்டிக் கரைசலில் கலக்கி, கண்ணாடிமேல் ஊற்றி, கத்தி விளிம்பால் சமமாக இழுத்துப் பரப்பி, காயவைத்து உரிப்போம். மின்சாரம் கொடுத்தால் அந்தக் கறுப்புப் படலம் இதமாகச் சூடாகும். இடுப்புவலிக்காரர்கள் கட்டிக்கொள்ளும் பட்டையை அதில்தான் செய்கிறோம். தூள் சரியாகக் கலக்காவிட்டால் ஓரத்தில் கட்டிகட்டியாகத் திரளும். அந்த இடம் மட்டும் கொதிக்கும். சோதனைத் துண்டை நான் எப்போதும் நடுவில்தான் வெட்டுவேன். என் மனைவியின் அண்ணன் பரிசோதனைப் பிரிவுக்கு வந்து சேரும்வரை யாரும் அதில் குறை சொன்னதில்லை.

மச்சான் நல்லவர், சும்மா சொல்லக்கூடாது. "மாப்ளே, நடுவுல வெட்டினா எல்லாமே பாஸ்தான். ஓரத்துல வெட்டுங்க, பார்ப்போம்" என்றார், எல்லோர் முன்னாலும். அன்றிலிருந்து எனக்கு நடுத்துண்டு என்று பேர். நானும் சேர்ந்து சிரித்தேன். போன மாதம் நான் செய்த பதினெட்டுப் படலத் தாள்களையும் கழித்துப்போட்டார். அவர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் என் கலவை மேசைக்கு வேறு ஆள் வந்துவிடும். வீட்டில் மனைவியும், "ஒரு தடவையாவது தப்பை ஒத்துக்கங்களேன்" என்றாள்.

ஓரம் மோசமில்லை என்று நான் நம்பினேன். நம்பினால் போதாது, சோதிக்க வேண்டும். அவர் கழித்த ஓரங்களையே ஒட்டி ஒரு பட்டை தைத்தேன். சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் கருவியை வழக்கம்போல் நடுவில் வைத்தேன். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மச்சானுக்கு இடுப்பில் உணர்ச்சி கிடையாது. மத்தியானம் வலி மாத்திரை போட்டால் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? பட்டையை அவர் வீட்டுக்கே பரிசாகக் கொண்டுபோனேன். "கோபமெல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டு என் மனைவி கண்கலங்கினாள். அண்ணனுக்கு அவளே பட்டையைக் கட்டிவிட்டு, அண்ணியோடு கடைக்குப் போனாள்.

நான் பக்கத்து நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தேன். மணி இரண்டு பத்துக்குப் பட்டையின் நடுவில் நாற்பது டிகிரி, நல்ல இதம். இரண்டரைக்கு ஓரத்தில் கருகல் வாடை. இரண்டு நாற்பதுக்கு மெத்தை புகைந்தது. சோதனையைப் பாதியில் நிறுத்தினால் முடிவு செல்லாது. இதுவும் மச்சான் போட்ட விதிதான். காற்று புகுந்தால் அளவு மாறிவிடுமே என்று வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். இரண்டு நாற்பத்தேழுக்கு "மாப்ளே" என்று கூப்பிட்டார். நாற்பத்தொன்பதுக்கு இன்னொரு தடவை. இரண்டையும் குறித்திருக்கிறேன்.

நோட்டு உங்கள் ஸ்டேஷன் மேசையில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஓரத்தைப் பற்றி மச்சான் சொன்னது முழுக்க உண்மை, தப்பு என்மேல்தான் என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதை மட்டும் என் மனைவியிடம் காட்டிவிடுங்கள், ஐயா. ரொம்ப சந்தோஷப்படுவாள்.