சௌல்தாரி ரெக்கார்டிங்கில் இரைச்சல் ஏன் இல்லை

குரூப்புல நீள நீளமா எழுதுறவங்களைக் கண்டா எனக்கே எரிச்சல் வரும். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க. மஸூதா நேத்து ஒரு கேள்வி கேட்டிருந்தா. நல்ல கேள்வி. 'ஈரக்காற்று' பேண்டோட ஆறு வருஷ லைவ் ரெக்கார்டிங் எல்லாத்துலயும் அடியில ஊம்ம்னு ஓடுற இரைச்சல், போன டிசம்பர் சௌல்தாரி ஊர்ல எடுத்த ரெக்கார்டிங்ல மட்டும் எப்படி இல்லாமப் போச்சுன்னு கேட்டா. அதுக்கு அதை ரெக்கார்ட் பண்ணின செந்தமிழன் சென்னையில உட்கார்ந்துக்கிட்டு, கம்ப்யூட்டர்ல ஒரு ஃபில்டர் போட்டேன்னு பதில் போட்டிருக்கார். இந்த குரூப்புல இருக்குற நாற்பத்தொரு பேர்ல முப்பது பேர் அதுக்குக் கைதட்டியிருக்கீங்க. அவர் சொன்னது பொய். பொய்யைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்க எனக்கு வராது.

புதுசா சேர்ந்தவங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது. என் பேரு சிவஞானம். அரசாங்க ஆபீஸ் ஒண்ணுல வயர்மேன். நம்ம தீவுலயே டெலானிபூர் குவார்ட்டர்ஸ்ல தனியா இருக்கேன். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் இழுத்த வயர்ல யாருக்கும் சுருக்குனு ஒரு ஷாக்கூட அடிச்சதில்லை. மத்தபடி, ஆறு வருஷமா நீங்க ராத்திரி பகல்னு பார்க்காம கேட்டுக்கிட்டிருந்த ரெக்கார்டிங் அத்தனையும் நான் எடுத்தது. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஊர், தேதி, அப்புறம் 'பதிவு: சிவஞானம்'னு இருக்கும். பார்த்திருப்பீங்க, இல்லை பார்க்காமலும் இருந்திருப்பீங்க.

ஈரக்காற்று ஒரு பாட்டை ரெண்டாவது தடவை அதே மாதிரி வாசிச்சதில்லை. யோகராஜ் கிட்டாரும் பாட்டும், நௌஷாத் டிரம்ஸ், உதயா பேஸ் கிட்டார். நாலு நிமிஷப் பாட்டு ஒரு நாள் பத்து நிமிஷம் போகும், ஒரு நாள் நாற்பது நிமிஷம் போகும். எங்க திரும்பும், எங்க நிக்கும்னு அவங்களுக்கே தெரியாது. முடிஞ்சா அது போனது போனதுதான். அதைப் பிடிச்சு வைக்க ஒரு ஆள் வேணும்னு யாரும் என்னைக் கேட்கலை, நானே செஞ்சேன். பெரார்கஞ்ச்ல வயல் தண்ணிக்கு நடுவுல, தார்ப்பாய்க்கு அடியில குந்திக்கிட்டு மூணு மணி நேரம் மெஷினைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதுக்கு ஒரு சட்டமும் வச்சிருந்தேன். முதல் சத்தத்துக்கு முன்னாடி ஆரம்பிக்கணும். கடைசிச் சத்தம் அடங்குற வரைக்கும் மெஷின்லேர்ந்து கையை எடுக்கக் கூடாது. நடுவுல ஒரு செகண்ட்கூட வெட்டக் கூடாது. நீங்களும் ஒத்துக்கிட்டீங்க.

'ரெண்டாவது கப்பல்' பாட்டுல யோகராஜ் செருப்பைக் கழட்டுற இடம் உங்க எல்லாருக்கும் தெரியும். ரப்பர் செருப்பு ரெண்டும் மேடைப் பலகையில டப்பு டப்புனு விழும், அது ரெக்கார்டிங்ல கேட்கும். அதுக்கப்புறம்தான் பாட்டு கிளம்பும். இந்த குரூப்புல பாதி சண்டை அதுக்காகத்தான். பெரார்கஞ்ச்ல செருப்பு ஒன்பதாவது நிமிஷமே விழுந்துடுச்சு, அதனால அதுதான் ஒசத்தின்னு ஒரு கட்சி. லேட்டா விழுந்தாத்தான் பாட்டுல சூடு ஏறும்னு மஸூதா கட்சி. அந்தச் சண்டையெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன், படிச்சுப் படிச்சுச் சிரிச்சுக்குவேன். மஸூதா தன் அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அந்தப் பாட்டு ரெக்கார்டிங்கைக் கேட்டுத்தான் பொழுதைத் தள்ளினேன்னு ஒரு தடவை எழுதினா. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை, அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷம் நவம்பர்ல யோகராஜ் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். லைவ் ஆல்பம் போடப்போறோம்ணே, உங்க ஹார்ட் டிஸ்க்கைக் கொடுங்கன்னான். ஐம்பத்தெட்டு கச்சேரி அதுல இருந்துச்சு. உப்புக்காத்து படாம இருக்கட்டும்னு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, டேப் ஒட்டி, கையில கொடுத்தேன். அது கப்பல்ல மெயின்லேண்ட் போச்சு. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வந்தான். டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அதையும் இதையும் பேசினான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். எல்லாத்துலயும் இரைச்சலாம், ஒண்ணுகூட ஆகாதுன்னு செந்தமிழன் சொல்லிட்டாராம். சௌல்தாரி கச்சேரியை அவரே வந்து புதுசா எடுக்குறாராம். டிஸ்க் எங்கடான்னு கேட்டேன். புதுசா எடுக்குறதுக்கு இடம் வேணும்னு அதுல இருந்ததை அழிச்சிட்டாங்களாம். உங்ககிட்ட காப்பி இருக்குமேண்ணே, தப்பா நினைக்காதீங்கன்னான். டீக் ஹை, சரிடான்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

காப்பி இருந்துச்சு, உண்மைதான். ஆனா நம்ப வச்சுக் கழுத்தறுக்குறதுன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். அன்னைக்குச் சாயங்காலம் இந்த குரூப்பைத் திறந்தேன். அப்பாடா, இனிமே சிவஞானம் இரைச்சல் இல்லாம ஈரக்காற்றைக் கேட்கலாம்னு ஒருத்தர் போட்டிருந்தார். பேர் வேண்டாம், அவருக்கே தெரியும். அதுக்கு இருபத்தாறு பேர் சிரிச்சிருந்தீங்க. மஸூதாவும் சிரிச்சிருந்தா.

அந்த இரைச்சல் என்னோடது இல்லை. என் மெஷின்ல ஒரு குத்தமும் கிடையாது. அது யோகராஜோட ஆம்ப், அவன் கிட்டாரையும் மைக்கையும் சொருகுற பெட்டி. கப்பல்ல வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட வாங்கின பழைய சாமான், உப்புக்காத்துல உள்ள வயரெல்லாம் இத்துப்போய் கரண்ட் கசியும். கசியுற கரண்ட்டை எர்த் வயர்தான் இழுத்துக்கிட்டுப் போகும். இரைச்சல் வர்றதும் அந்த எர்த் வழியாத்தான். எர்த்தைக் கழட்டிட்டா சத்தம் சுத்தமாயிடும், ஆனா ஆம்ப்பும் கிட்டார் கம்பியும் மைக்கும் தொட்டா அடிக்கிற கரண்ட்டோட நிக்கும். பேண்டு வாசிக்கிறவங்க எல்லா ஊர்லயும் இதைக் கழட்டிடுவாங்க. சுதாகரும் ரெண்டு தடவை கேட்டான். சுதாகர் யாருன்னு தெரியாதவங்களுக்கு, கச்சேரிக்கெல்லாம் சவுண்ட் செட் வாடகைக்கு விடுறவன். நான் விடலை. பாட்டைவிட பாடுறவன் முக்கியம்டான்னு சொன்னேன். அது போக, ஒவ்வொரு கச்சேரிக்கும் ஆபீஸ்ல இருந்து கறுப்பு ரப்பர் பாய் ஒண்ணு எடுத்துட்டுப் போய் யோகராஜ் கால் கீழ விரிச்சு வைப்பேன். ஆறு வருஷமா அந்த இரைச்சலை நான் கூடவே வச்சிருந்தது அவன் நல்லா இருக்கணும்னுதான். அதைத்தான் நீங்க உட்கார்ந்து சிரிச்சீங்க.

சுத்தமான சத்தம் வேணும்னு எல்லாருமாச் சேர்ந்து கேட்டுட்டீங்க. சரி, கொடுத்துடலாம்னு முடிவு பண்ணினேன்.

சௌல்தாரிக்கு நான் மத்தியானம் ரெண்டு மணிக்கே போயிட்டேன். காலையில பெய்ஞ்ச மழையில கிரவுண்ட் சொதசொதன்னு கிடந்துச்சு. செந்தமிழன் லேப்டாப்பை விரிச்சு வச்சுக்கிட்டு, இதுல இவ்வளவு இரைச்சல் வந்தா நான் எப்படிய்யா எடுக்குறதுன்னு சுதாகரைக் காய்ச்சிக்கிட்டிருந்தார். யோகராஜ் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். இன்னைக்கு நீங்க விருந்தாளிண்ணே, சும்மா உட்கார்ந்து கேளுங்கன்னான். ஆசையாத்தான் சொன்னான். என் மெஷின் பையில இருந்தது அவனுக்குத் தெரியாது.

சுதாகர் லைட் கட்டப் போனப்ப ஆம்ப்போட பிளக்கை நான் திறந்தேன். எர்த் வயரைக் கழட்டி, மடக்கி, டேப் சுத்தி, திரும்ப மூடினேன். அஞ்சு நிமிஷ வேலை. இரைச்சல் நின்னுடுச்சு. செந்தமிழன் நிமிர்ந்து பார்த்துட்டு, சுதாகர் ஏதோ சரி பண்ணிட்டான் போலன்னு அவனைப் பார்த்துத் தலையாட்டினார். யார் செஞ்சதுன்னு கேட்கலை. அப்புறம் ஆம்ப் மேல டெஸ்டரை வச்சுப் பார்த்தேன். பளிச்சுனு எரிஞ்சுது. டெஸ்டரைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டேன். ரப்பர் பாய் ஸ்கூட்டர் டிக்கியில இருந்துச்சு. அதை எடுக்கலை.

டெஸ்ட் பண்ணிப் பாடுறப்ப யோகராஜ் ரெண்டு வரி பாடிட்டு உதட்டைத் தேய்ச்சுக்கிட்டே என்கிட்ட வந்தான். சுதாகர்கிட்டப் போகலை, செந்தமிழன்கிட்டப் போகலை. என்கிட்டத்தான் வந்தான்.

"அண்ணே, மைக்ல வாய் பட்டா லேசா ஜிவ்வுங்குதே."

"மழை ஈரம்டா. ஒண்ணும் ஆகாது. நல்லா ஒட்டி வச்சுப் பாடு, அப்பத்தான் குரல் விழும்."

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

காலில ரப்பர் செருப்பு இருக்குற வரைக்கும் ஜிவ்வுனு இருக்கும், அவ்வளவுதான், பெருசா ஆபத்தில்லை. எனக்கு அது தெரியும். 'ரெண்டாவது கப்பல்' நாலாவது பாட்டுன்னும் தெரியும்.

அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சாங்க. நம்ம தீவுல டிசம்பர்ல எப்பவும் போல பொழுது அதுக்குள்ள இறங்கிடுச்சு, தூறலும் போட்டுச்சு. நீங்கள்லாம் குடையோட நின்னீங்க. நான் மேடைக்குப் பக்கவாட்டுல, மெயின் ஸ்விட்ச் பலகைக்கு அடுத்து நாற்காலியைப் போட்டுக்கிட்டு என் மெஷினை ஓடவிட்டேன். அன்னைக்கு வாசிச்ச மாதிரி அவங்க என்னைக்கும் வாசிச்சதில்லை, அதை நான் ஒத்துக்கிறேன். செருப்பு பதிமூணாவது நிமிஷம் விழுந்துச்சு. மஸூதா சொன்னது சரி, லேட்டா விழுந்தா சூடு ஏறத்தான் செய்யுது. இருபத்திநாலாவது நிமிஷம் ஈரப் பலகையில வெறுங்காலோட நின்னு, கம்பியில கையை வச்சுக்கிட்டே, செருப்பு விழுந்தப்புறம் முதல் தடவையா மைக்ல பாட வாயைக் கொண்டு போனான். வார்த்தை பாதிதான் வந்துச்சு.

அங்கதான் நீங்க கைதட்டினீங்க. உங்களைக் குறை சொல்லலை. இந்த பேண்டு எந்த இடத்துல வேணும்னாலும் நிறுத்தும், எந்த இடத்துல வேணும்னாலும் திரும்பும். வேற பேண்டா இருந்தா ஏதோ ஆயிடுச்சுன்னு உடனே ஓடியிருப்பீங்க. நௌஷாத்கூட புதுசா எதுவோ பண்றான்னு நினைச்சுத் தாளத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டிருந்தான். அவன் குதிச்சு வந்து ஸ்விட்ச் பலகையை உதைச்சுத் தள்ளுற வரைக்கும் இருபத்தோரு செகண்ட். என் ரெக்கார்டிங்ல அது முழுசா இருக்கு. மெயின் ஸ்விட்ச் என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. என் கை மெஷின் மேல இருந்துச்சு. அளவு முள் எங்கயும் மேல போகலை, கீழ இறங்கலை, அவ்வளவு நல்லா விழுந்துக்கிட்டிருந்துச்சு. கடைசிச் சத்தம் அடங்குற வரைக்கும் கையை எடுக்கக் கூடாதுங்கறதுதானே சட்டம்.

போலீஸ் பிளக்கைத் திறந்து பார்த்துட்டு இது யாரோடதுன்னு என்னைக் கேட்டாங்க. சவுண்ட் செட் சுதாகரோடதுன்னு சொன்னேன். அது பொய் இல்லை. அவங்க அதுக்கு மேல கேட்கலை. சுதாகர் ஒன்பது நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தான். இப்ப அவனை யாரும் கூப்பிடுறதில்லை, நீங்களும் அவனை குரூப்பை விட்டு எடுத்துட்டீங்க. அவன் சம்சாரம் அகிலா ரெண்டு தடவை என் குவார்ட்டர்ஸுக்கு வந்துச்சு. அந்த பிளக்கை வேற யாராவது தொட்டாங்களாண்ணே, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டு அழுதுச்சு. யோசிச்சுச் சொல்றேன்மான்னு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சுதாகர் பேரை யாரும் எந்த ரெக்கார்டிங்லேர்ந்தும் அழிக்கலை, அவனுக்கு அந்த வலி தெரியாது.

இந்த பன்னிரண்டு மாசமும் நான் வாயைத் திறக்காம இருந்துட்டேன். அப்படியே இருந்திருப்பேன். போன வாரம் சௌல்தாரி ஆல்பம் வெளியே வந்துச்சு. கேட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு தூசி இல்லை. இருபத்திநாலாவது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே வெட்டி மெதுவா அடக்கியிருக்கார், அது எனக்குப் பிடிக்கலை. ஆறு வருஷமா இப்படி ஒரு சத்தத்துக்குத்தான் ஏங்கினோம்னு மஸூதா எழுதினா. அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டா. அதுக்கு அந்த மனுஷன் ஃபில்டர்னு ஒரு வார்த்தையைப் போட்டு என் வேலையை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டார். ஃபில்டர் எதுவும் போடலை. போடுறதுக்கு அங்க இரைச்சலே இல்லை.

ஆகவே மஸூதா, உன் கேள்விக்கு இதுதான் பதில். அந்த எர்த் வயரை டிசம்பர் பதினாலு, மத்தியானம் மூணரை மணிக்கு, என்ன ஆகும்னு நல்லாத் தெரிஞ்சே கழட்டினது நான். யோகராஜ் செத்தது அதனாலதான். சுதாகருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை அப்படியே எடுத்துப் போலீஸ்கிட்டக் காட்டிக்கோங்க, அகிலாகிட்டயும் காட்டுங்க. நான் எங்கயும் போகலை, குவார்ட்டர்ஸ்லதான் இருக்கேன், யார் வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும்.

அதுக்கு முன்னாடி ஆல்பத்துல 'பதிவு: செந்தமிழன்'னு இருக்குறதை யாராவது மாத்துங்க. மாத்தினதும் இங்கயே ஒரு வார்த்தை போடுங்க, பார்த்துக்கிறேன்.